தண்ணீர் மூட்டிய தீ

அந்தமான் கடலில் தனித்து நிற்கும் பாரன் தீவு, இந்தியாவில் இன்னும் விழித்திருக்கும் ஒரே எரிமலை. அதன் அடியில் பாறை உருகக் காரணம் கூடுதல் வெப்பம் அல்ல, பூமிக்குள் இறங்கிய கடல் நீர்.

போர்ட் பிளேரிலிருந்து வடகிழக்கே சுமார் 140 கி.மீ. தொலைவு. 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்ட அந்த நகரிலிருந்து இரவில் புறப்படும் கப்பல், விடியும் வேளையில் பாரன் தீவை நெருங்கிவிடும். மலை மூச்சு விடும் நாளாக இருந்தால் முதலில் கண்ணில் படுவது தீவு அல்ல. தொடுவானத்தில் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் வெண் மேகம். அருகே போகப் போக மேகத்துக்குக் கீழே கரிய கூம்பு ஒன்று தெரியத் தொடங்கும். சுற்றிலும் எந்தக் கரையும் கிடையாது. வெறும் கடல்.

தீவின் குறுக்களவு ஏறக்குறைய 3 கி.மீ.தான். உயரம் 354 மீட்டர். ஆனால் கடலுக்கு மேலே தெரிவது மலையின் உச்சி மட்டுமே. அதன் அடிவாரம் கடல் மட்டத்துக்கு 2,250 மீட்டர் கீழே இருக்கிறது. அடி முதல் முடி வரை அளந்தால், கிட்டத்தட்ட நீலகிரியின் தொட்டபெட்டா அளவுக்கு உயரமான மலை அது. பெரும்பகுதி தண்ணீருக்குள் மறைந்திருப்பதால் சின்னக் குன்று போல் தோற்றம் காட்டுகிறது.

மேற்குப் பக்கமாகக் கப்பல் திரும்பும்போது தீவின் உண்மையான வடிவம் விளங்குகிறது. எப்போதோ உச்சி சரிந்து விழுந்ததால் உண்டான, சுமார் 2 கி.மீ. அகலமுள்ள பெரும் பள்ளம். அதைச் சுற்றிக் கோட்டை மதில் போல் செங்குத்தான பாறைச் சுவர். மேற்கில் மட்டும் மதில் உடைந்து வாசல் விட்டிருக்கிறது. பள்ளத்தின் நடுவே சாம்பலும் கரும் கற்களும் குவிந்து எழுந்த புதிய கூம்பு. இன்று நெருப்பு உமிழ்வது அதுதான். அதன் காலடியிலிருந்து உடைந்த வாசல் வழியாகக் கடல் வரை, உறைந்துபோன லாவா ஆறு நீண்டு கிடக்கிறது. தொட்டால் கையைக் கிழிக்கும் கரடுமுரடான கருங்கல்.

பெயருக்குத்தான் இது தரிசுத் தீவு. லாவா எட்டாத கிழக்குச் சரிவில் காடு அடர்ந்திருக்கிறது. பழந்தின்னி வௌவால்களும் எலிகளும் பறவைகளும் வாழ்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கப்பலில் கொண்டுவந்து விடப்பட்ட ஆடுகளின் சந்ததி காட்டு ஆடுகளாகப் பெருகி, வெடிப்புகளையெல்லாம் தாண்டிப் பிழைத்திருக்கிறது. தீவைச் சுற்றியுள்ள பவளத் திட்டுகளும் திருக்கை மீன்களும் கடலுக்குள் மூழ்கிப் பார்ப்பவர்களை ஈர்க்கின்றன. மனிதக் குடியிருப்பு இல்லை. வனவிலங்குச் சரணாலயம் என்பதால், சுற்றுலாக் கப்பல்களில் வருவோர் தீவை வலம் வந்து தொலைவிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

இருநூறு ஆண்டுக் குறிப்பேடு

பாரன் தீவின் சரித்திரம் கப்பல்காரர்களின் குறிப்பேடுகளில் தொடங்குகிறது. 1787இல் அவ்வழியே சென்ற கப்பல்கள் புகையைக் கண்டன. அந்தமானை அளக்க வந்த லெப்டினன்ட் ஆர்ச்சிபால்டு பிளேர் 1789இல் தீவை நெருங்கிப் பார்த்தார். போர்ட் பிளேர் என்ற பெயருக்குக் காரணமானவர் இவர்தான். மூன்று, நான்கு டன் எடையுள்ள கற்களை மலை வீசியெறிந்ததாக அவர் பதிவு செய்தார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வெடிப்புகள் தொடர்ந்தன. பிறகு மலை அடங்கிவிட்டது.

இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் எஃப். ஆர். மாலட் 1884இல் தீவுக்குப் போனபோது அவருக்குக் காணக் கிடைத்தது வெந்நீர் ஊற்றும் கொஞ்சம் ஆவியும்தான். அவர் 1885இல் வெளியிட்ட விரிவான அறிக்கையே பல தலைமுறை நிலவியலாளர்களுக்கு பாரன் பற்றிய பாடநூலாக இருந்தது. அதற்கடுத்த நூறாண்டுகளும் அமைதியாகக் கழிந்தன. இந்தியாவில் உயிருள்ள எரிமலை இல்லை என்று சொல்லும் அளவுக்கு மலை உறங்கியது.

1991 மார்ச் இறுதியில் உறக்கம் கலைந்தது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு பள்ளத்தின் நடுவிலிருந்து சாம்பலும் நெருப்பும் கிளம்பின. சுமார் ஆறு மாதம் வெடிப்பு நீடித்தது. லாவா மேற்கு வாசல் வழியே ஓடிக் கடலில் விழுந்து, நீர் கொதித்து ஆவியாக எழுந்தது. 1994 டிசம்பரில் மறுபடியும் தொடங்கி 1995 நடுப்பகுதி வரை கக்கியது. 2005 மே மாதம் மீண்டும் வெடித்தது. அதன் பிறகு நீண்ட ஓய்வே இல்லை. சில மாதம் பேசாமல் இருக்கும், சில மாதம் பொருமும். 2025 செப்டம்பரிலும் சிறு வெடிப்புகள் பதிவாயின.

2017 ஜனவரி 23 அன்று மலை தன் வேலையை விஞ்ஞானிகளின் கண்முன்னே நிகழ்த்திக் காட்டியது. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த குழு, அபய் முதோல்கர் தலைமையில் ‘சிந்து சங்கல்ப்’ என்ற ஆய்வுக் கப்பலில் தீவருகே கடலடி மண்ணைச் சேகரித்துக்கொண்டிருந்தது. திடீரென்று மலை சாம்பலைக் கக்கத் தொடங்கியது. கப்பல் சுமார் ஒரு மைல் தள்ளி நின்று கவனித்தது. ஒவ்வொரு பொருமலும் ஐந்து முதல் பத்து நிமிடம் நீடித்தது. பகலில் தெரிந்தது சாம்பல் மேகம் மட்டுமே. சூரியன் மறைந்த பிறகுதான் வாயிலிருந்து செந்நிற லாவா ஊற்றெடுத்துச் சரிவில் வழிவது தெரிந்தது. பகல் வெளிச்சம் மூடிவைத்திருந்த நெருப்பு அது.

தீவின் பழைய லாவா அடுக்குகளில் மிக மூத்தவற்றின் வயதை ஆர்கான் வாயுவின் அளவைக் கொண்டு ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். சுமார் 16 லட்சம் ஆண்டுகள். ஆக, மனிதர் எழுதிவைத்த குறிப்புகளெல்லாம் இந்த மலையின் ஆயுளில் ஒரு நொடிதான். அத்தனை காலமாக, அதே இடத்தில், கற்குழம்பு எங்கிருந்து ஊறி வருகிறது? அதற்கு விடை தேட, தீவை விட்டு மேற்கே இருநூறு கி.மீ.க்கும் அதிகமாகப் போகவேண்டும்.

ஒரு தட்டு இன்னொன்றின் கீழே

பூமியின் ஓட்டுக்குக் கீழே எல்லாமே குழம்பாகக் கொதித்துக்கொண்டிருக்கிறது, ஓட்டில் எங்காவது ஓட்டை விழுந்தால் பீறிட்டு வருகிறது என்ற எண்ணம் பலருக்கும் உண்டு. பள்ளிப் பாடப் படங்களில் ஆரஞ்சு வண்ணம் பூசிய உட்பகுதியைப் பார்த்து வளர்ந்த எண்ணம். அது சரியல்ல. மேலோட்டின் கீழே சுமார் 2,900 கி.மீ. ஆழம் வரை பரவியிருக்கும் மேன்டில் என்ற அடுக்கு திடமான பாறை. லட்சக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல நகருமே தவிர, அது திரவம் அல்ல.

மேல் மேன்டிலின் வெப்பம் 1,300 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கிறது. மேற்பரப்புக்குக் கொண்டுவந்தால் அந்தச் சூட்டில் பாறை உருகத் தொடங்கிவிடும். ஆனால் 100 கி.மீ. ஆழத்தில் மேலேயுள்ள பாறைகளின் சுமை அதை உருக விடாமல் அழுத்திப் பிடித்திருக்கிறது. அந்த ஆழத்தில் உலர்ந்த மேன்டில் பாறை உருக வேண்டுமானால் 1,450 டிகிரிக்கும் மேல் சூடு வேண்டும். அந்தச் சூடு அங்கே கிடையாது. அதனால்தான் உலகின் பெரும்பாலான இடங்களில் எரிமலை இல்லை. எரிமலை இருக்கும் இடத்தில் ஏதோ விதிவிலக்கு நடக்கிறது என்று பொருள்.

அந்தமான் தீவுகளுக்கு மேற்கே, கடலடியில், நீண்ட பள்ளம் ஒன்று வில் போல் வளைந்து போகிறது. தெற்கே சுமத்ரா, ஜாவா வரை நீளும் சுந்தா அகழியின் வட பகுதி இது. இந்தியாவைச் சுமந்திருக்கும் புவித்தட்டின் கடற்பகுதி இந்த அகழியில்தான் மடங்கி, கிழக்கே உள்ள தட்டின் கீழே சாய்வாக இறங்குகிறது. நிலவியலில் இதற்கு அமிழ்வு மண்டலம் என்று பெயர். வேகம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர். விரல் நகம் வளரும் வேகம்.

இறங்கும் தட்டு சும்மா இறங்குவதில்லை. அதன் முதுகில் மூட்டை இருக்கிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயத்திலிருந்து அரித்துக் கொண்டுவந்த வண்டல், வங்காள விரிகுடாவின் தரையில் கி.மீ. கணக்கில் படிந்து கிடக்கிறது. தட்டு அகழிக்குள் நுழையும்போது இந்த வண்டலின் பெரும்பகுதியை மேல் தட்டின் விளிம்பு வழித்துத் தள்ளுகிறது. தேங்காய்த் துருவல் போல் வழிந்து குவிந்த இப்படிப்பட்ட படிவுகளும், ஊடே பிய்ந்து வந்த கடலடிப் பாறைத் துண்டுகளும் சேர்ந்து உயர்ந்ததுதான் அந்தமான் நிகோபார் தீவுத் தொடர். போர்ட் பிளேரின் கார்பின்ஸ் கோவ் கடற்கரையில் மாலை நேரம் உலாவப் போகிறவர்கள் மணற்கல்லும் களிமண் கல்லும் மாறி மாறி அடுக்கிய பாறைகளைப் பார்க்கலாம். ஆழ்கடலில் படிந்து, நெருக்குண்டு, மேலே எழுந்த அடுக்குகள் அவை. அந்தமானின் பெரிய தீவுகள் எரிமலையால் பிறந்தவை அல்ல, இந்த உரசலில் குவிந்தவை.

கல்லுக்குள் தண்ணீர்

வழித்துத் தள்ளப்பட்டது போக மிச்சமுள்ள வண்டலும், அதற்குக் கீழே உள்ள கடலடிப் பாறையும் உள்ளே போகின்றன. கூடவே தண்ணீரும் போகிறது. வண்டலின் இடுக்குகளில் ஒட்டியிருக்கும் ஈரம் சீக்கிரமே பிழிந்து வெளியேறிவிடும். அதைவிட முக்கியமானது கல்லோடு கல்லாகக் கலந்துவிட்ட நீர்.

கடலடி மலைத்தொடர்களில் புதுப் பாறை பிறக்கும்போதே அதன் விரிசல்களில் கடல் நீர் புகுந்து, கனிமங்களோடு வினைபுரிந்து, அவற்றின் கட்டமைப்பிலேயே இடம்பிடித்துக்கொள்கிறது. அகழியில் மடங்கும்போது தட்டின் முதுகு விரிசல் விட, மேலும் நீர் ஆழமாக இறங்குகிறது. இப்படி உருவாகும் கனிமங்களில் ஒன்று செர்பென்டைன். பாம்புத் தோல் போன்ற பச்சைக் கல். 100 கிலோ செர்பென்டைனில் சுமார் 13 கிலோ தண்ணீர் இருக்கிறது. கையில் எடுத்தால் ஈரம் தெரியாது, பிழிந்தாலும் வராது. ஆனால் இருக்கிறது.

தட்டு இறங்க இறங்க அழுத்தமும் வெப்பமும் கூடுகின்றன. சிறு ஆழத்தில் ஒரு கனிமமும், இன்னும் ஆழத்தில் வேறொன்றுமாக ஒவ்வொன்றும் நிலைகுலைந்து தன்னிடமுள்ள நீரை விடுகின்றன. சுமார் 100 கி.மீ. ஆழத்தை எட்டும்போது கணிசமான நீர் விடுபட்டு, மேலே ஆப்பு வடிவில் அமைந்திருக்கும் சூடான மேன்டில் பாறைக்குள் ஏறுகிறது. நீர் என்றாலும் அந்த அழுத்தத்தில் அது ஆறாக ஓடும் நீர் அல்ல. கரைந்த உப்புகளைச் சுமந்து பாறைத் துகள்களின் இடையே கசியும் திரவம்.

விஷயமே இங்கேதான் இருக்கிறது. நீர் கலந்ததும் பாறையின் உருகுநிலை சில நூறு டிகிரி இறங்கிவிடுகிறது. உலர்ந்திருந்தால் 1,450 டிகிரிக்கு மேல் கேட்கும் அதே பாறை, நீர் போதுமான அளவு சேர்ந்தால் 1,000 டிகிரி அளவிலேயே உருகத் தொடங்குகிறது. சுற்றிலும் சூடு ஏற்கனவே 1,300 டிகிரியை ஒட்டி இருப்பதால் புதிதாக நெருப்பு மூட்ட வேண்டியதில்லை. பாறையின் தாங்கும் எல்லை கீழே வந்துவிட்டது, அவ்வளவுதான். ஐஸ்கட்டியில் உப்புப் போட்டால் அது பூஜ்யம் டிகிரிக்குக் கீழேயும் உருகுவது போல. பொற்கொல்லர் பட்டறையில் வெங்காரம் சேர்த்ததும் பிடிவாதமான கசடு இளகி ஓடுவதும் இதே வழிதான். அணுக்களைப் பிணைத்து நிற்கும் கட்டுகளை நீர் அறுத்துவிடுவதால் பாறையின் உறுதி குலைகிறது.

இன்னொரு வேடிக்கையும் இதில் உண்டு. இறங்கும் தட்டு குளிர்ந்தது. பல கோடி ஆண்டுகள் ஆழ்கடலின் அடியில் ஆறிக் கிடந்தது. அது உள்ளே போவதால் சுற்றுப்புறம் குளிரத்தான் வேண்டும். இரண்டு தட்டுகள் உரசும் சூட்டில்தான் பாறை உருகுகிறது என்று ஒரு காலத்தில் கருதப்பட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தபோது அந்தச் சூடு போதவில்லை. குளிர்ந்த தட்டு கொண்டுவந்த தண்ணீரே எரிமலையை மூட்டுகிறது என்ற முடிவுக்கு விஞ்ஞானிகள் வந்தது பல தடயங்களைச் சேர்த்த பிறகுதான்.

ஒரு தடயம் லாவாவுக்குள்ளேயே இருக்கிறது. ஆலிவின் போன்ற படிகங்கள் வளரும்போது கற்குழம்பின் மிகச் சிறிய துளிகள் அவற்றுக்குள் மாட்டிக்கொண்டு கண்ணாடியாக உறைந்துவிடும். அமிழ்வு மண்டல எரிமலைகளின் இத்தகைய துளிகளில் எடைக் கணக்கில் நான்கு சதவீத அளவுக்குத் தண்ணீர் இருப்பது சாதாரணம். நடுக்கடல் மலைத்தொடர்களின் லாவாவில் பெரும்பாலும் அரை சதவீதம்கூடக் கிடையாது. இரண்டாவது தடயம் பெரிலியம்-10. விண்வெளிக் கதிர்கள் காற்று மண்டலத்தைத் தாக்கும்போது பிறக்கும் அணு இது. மழையோடு இறங்கிக் கடலடி வண்டலில் சேரும். சுமார் 14 லட்சம் ஆண்டுகளில் பாதியாகக் குறைந்துவிடும். பூமியின் ஆழத்தில் இது இருக்க வழியே இல்லை. ஆனால் மத்திய அமெரிக்கா போன்ற இடங்களின் எரிமலைப் பாறைகளில் 1980களில் இதைக் கண்டுபிடித்தார்கள். மழை கொண்டுவந்த பொருள் அகழி வழியே இறங்கி எரிமலை வழியே திரும்பி வந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடிச் சாட்சி வேண்டியதில்லை.

பாரன் தீவு அகழியிலிருந்து ஏன் இவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதற்கும் இதுவே விடை. சாய்வாக இறங்கும் தட்டு தேவையான ஆழத்தை எட்ட இருநூறு கி.மீ.க்கு மேல் கிழக்கே வரவேண்டியிருக்கிறது. நகம் வளரும் வேகத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க 50 லட்சம் ஆண்டுகளாவது ஆகும். மனித இனம் தோன்றும் முன் உள்ளே போன கடல் நீர்தான் இன்று பாரனின் உச்சியில் ஆவியாகிறது.

கோலி சோடா கணக்கு

நீர் பட்ட மேன்டில் முழுவதும் உருகிவிடுவதில்லை. பத்து, இருபது சதவீதம் உருகினாலே அதிகம். உருகிய குழம்புக்கு மாக்மா என்று பெயர். சுற்றியுள்ள பாறையைவிட இலேசானது என்பதால் எண்ணெய் தண்ணீரில் மேலே வருவது போலத் துகள்களின் இடுக்கில் கசிந்து, சேர்ந்து, ஏறுகிறது. மேலோட்டின் அடியை எட்டியதும் தயங்கித் தேங்குகிறது. அங்கே கொஞ்சம் ஆற, சில படிகங்கள் உறைந்து பிரிய, எஞ்சிய குழம்பின் தன்மை மாறுகிறது. வழியிலுள்ள பாறையையும் ஓரளவு கரைத்துக்கொள்கிறது. பாரனிலிருந்து வெளிவருவது பெரும்பாலும் பசால்ட் வகை லாவா. சிலிகா குறைவு என்பதால் ஓரளவு இளகி ஓடக்கூடியது.

ஆழத்தில் பாறையை உருக்கிய அதே தண்ணீர், மேலே வந்ததும் வெடிமருந்தாகிறது. மூடிய கோலி சோடாவில் வாயு கரைந்து அடங்கியிருக்கும். கோலியைத் தட்டி உள்ளே தள்ளியதும் அழுத்தம் விலகி நுரை பொங்கும். மாக்மாவிலும் அதே கதைதான். மேலே ஏற ஏற அழுத்தம் குறைகிறது. கரைந்திருந்த நீர் ஆவிக் குமிழிகளாகப் பிரிந்து, பெருத்து, குழம்பைச் சிதறடித்துக்கொண்டு வெளிவருகிறது. பாரனின் குழம்பு இளகியது என்பதால் குமிழிகள் எளிதில் தப்பித்துவிடுகின்றன. எனவேதான் அது ஐந்து, பத்து நிமிடப் பொருமலோடு நிறுத்திக்கொள்கிறது.

பாரனைப் பார்க்க வசதியில்லாத பயணிகள் பலர் பாராடாங் தீவின் ‘எரிமலை’யைப் பார்த்துத் திருப்திப்படுகிறார்கள். போர்ட் பிளேரிலிருந்து ஜாரவா பழங்குடியினர் காப்புப் பகுதியின் ஊடே போகும் சாலையில் சுமார் 100 கி.மீ. போனால் காட்டுக்குள் ஒரு சேற்று மேடு. சாம்பல் நிறச் சேறு குமிழியிட்டபடி இருக்கும். தொட்டால் சுடாது. இதில் மாக்மாவும் இல்லை, நெருப்பும் இல்லை. அகழியில் நெருக்குண்ட வண்டலிலிருந்து பிழிபட்ட நீரும் மீத்தேன் வாயுவும் சேற்றைத் தள்ளிக்கொண்டு வருகின்றன. பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் இதுவும் அதே தட்டின் கைங்கரியம்தான். சிறு ஆழத்தில் பிழியப்படும் நீர் பாராடாங்கில் சேறாகக் கொப்புளிக்கிறது. பேராழத்தில் பிழியப்படும் நீர் பாரனில் நெருப்பாக வருகிறது.

ஒரே வரிசையில் பெரியண்ணன்கள்

பாரனுக்கு வடக்கே நார்கொண்டம் தீவு. 710 மீட்டர் உயரமுள்ள இந்த எரிமலை அடங்கிப்போனது. சரிவு முழுவதும் காடு. உலகில் வேறெங்கும் இல்லாத நார்கொண்டம் இருவாசிப் பறவை இங்கே மட்டும் வாழ்கிறது. நரக குண்டம் என்ற சொல்லே மருவி நார்கொண்டம் ஆனது என்பார்கள். அமைதியான தீவுக்கு அந்தப் பெயரும், நெருப்பு கக்கும் தீவுக்குத் தரிசு என்ற பெயரும் வந்திருப்பதைக் கண்டு, பழைய மாலுமிகள் பெயரை மாற்றி எழுதிவிட்டார்களோ என்று ஐயப்பட்டவர்களும் உண்டு.

வடக்கே மியான்மரின் போபா மலை. தெற்கே சுமத்ரா, ஜாவா, பாலி என்று நீளும் எரிமலை வரிசை. எல்லாமே ஒரே ஏற்பாட்டில், அமிழும் தட்டு தந்த நீரால் பிறந்தவை. ஆனால் குணம் ஒன்றல்ல. தடித்த நிலப்பரப்பின் அடியில் மாக்மா நெடுங்காலம் தேங்கினால் அதில் சிலிகா சேர்ந்து பிசின் போல் இறுகிவிடும். ஆவி வெளியேற வழியின்றி அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். சுமத்ராவின் தோபா சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் அப்படி வெடித்தபோது 2,000 கன கி.மீ.க்கும் அதிகமான பொருளைக் கக்கியது. அந்தச் சாம்பல் காற்றில் வந்து இந்தியாவின் மீது இறங்கியது. ஆந்திராவின் கர்னூல் பகுதியிலுள்ள ஜுவாலாபுரத்தில் அந்த அடுக்கை இன்றும் தோண்டி எடுக்க முடிகிறது. 1883இல் கிரகடோவா வெடித்து எழுப்பிய கடல் அலைகள் உட்பட அந்தப் பேரழிவு 36,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதே இடத்தில் எழுந்த ‘கிரகடோவாவின் பிள்ளை’ 2018 டிசம்பர் 22 அன்று ஒரு பக்கம் சரிந்து விழுந்ததில் 400க்கும் அதிகமானோர் இறந்தனர். இந்தக் குடும்பத்தில் பாரன் சாதுவான கடைக்குட்டி.

மேற்கே இருக்கிறது ஆபத்து

பாரனைப் பார்த்து யாரும் பெரிதாக அஞ்சுவதில்லை. தீவில் ஆள் இல்லை. போர்ட் பிளேர் தொலைவில் இருக்கிறது. சாம்பல் மேகம் விமானங்களுக்கு இடையூறாகலாம் என்பதால் ஆஸ்திரேலியாவின் டார்வினில் உள்ள எரிமலைச் சாம்பல் எச்சரிக்கை மையம் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துத் தகவல் அனுப்புகிறது. நிலவியல் துறையினரும் கடலியலாளர்களும் அவ்வப்போது போய் மாதிரிகள் எடுத்து வருகிறார்கள்.

ஆனால் பாரனுக்குத் தண்ணீர் சுமக்கும் அதே தட்டுதான் 2004 டிசம்பர் 26 காலையில் இந்தியப் பெருங்கடலை உலுக்கியது. அகழியை ஒட்டிய மேல் பகுதியில், சில பத்து கி.மீ. ஆழம் வரை, இரு தட்டுகளும் குளிர்ந்து இறுகி ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கின்றன. கீழ்த்தட்டு இறங்குவதை நிறுத்துவதில்லை. மேல்தட்டின் விளிம்பையும் இழுத்துக்கொண்டே போகிறது. நூற்றுக்கணக்கான ஆண்டுகள் வில்லாக வளைந்த அந்த விளிம்பு அன்று காலை 6:29 மணிக்கு விடுபட்டது. சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்குப் பிளவு ஓடியது. கடலின் தரை எழும்பித் தள்ளிய நீர் இரண்டு மணி நேரத்துக்குப் பின் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் வந்து சேர்ந்தது. தமிழகத்தில் மட்டும் சுமார் 8,000 பேர் மாண்டார்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேல். நிகோபார் தீவுகளில் ஊர்களே அழிந்தன. நாட்டின் தென்கோடியான இந்திரா முனையில் தரை நான்கு மீட்டருக்கும் அதிகமாகத் தாழ, கலங்கரை விளக்கின் அடியைக் கடல் சூழ்ந்தது.

ஐந்து மாதம் கழித்து, 2005 மே மாதத்தில், பாரன் வெடித்தபோது பூகம்பம்தான் அதை எழுப்பியது என்று பலரும் பேசினார்கள். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை. நிச்சயமானது வேறொன்று. தட்டு சிறு ஆழத்தில் பூட்டிக்கொள்கிறது, அது விடுபடும்போது பூகம்பமும் ஆழிப்பேரலையும். பேராழத்தில் அது நீரை விடுகிறது, அங்கே மாக்மா. ஒரே பயணத்தின் இரு கட்டங்கள் இவை. பாரன் புகைகிறது என்றால் தட்டு இறங்கும் ஏற்பாடு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள். தட்டு இறங்கும் வரை, மேற்கேயுள்ள பூட்டும் என்றாவது மறுபடி தெறிக்கத்தான் செய்யும். எப்போது என்று எந்த எரிமலையும் முன்கூட்டிச் சொல்லாது.

2004இல் வங்கக் கரையில் எச்சரிக்கை ஏற்பாடே கிடையாது. ஹைதராபாத்தில் உள்ள தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தில் 2007 அக்டோபரில் ஆழிப்பேரலை எச்சரிக்கைப் பிரிவு செயல்படத் தொடங்கியது. நில அதிர்வுமானிகளும், கடலின் அடியில் நீரழுத்தத்தை அளக்கும் கருவிகளும், கரையோர அலை அளவிகளும் அதற்குத் தகவல் அனுப்புகின்றன. தமிழகக் கரைக்கு இரண்டு மணி நேர அவகாசம் கிடைக்கும். அந்தமான் நிகோபார் மக்களுக்குச் சில நிமிடங்கள்தான். தரை நீண்ட நேரம் குலுங்கினால் எந்த அறிவிப்புக்கும் காத்திராமல் மேட்டுக்கு ஓடவேண்டும் என்பதே அங்கே முதல் பாடம்.

புகைகிற மலையைக் காணப் பயணிகள் காசு கொடுத்து கிழக்கே போகிறார்கள். கருவிகள் இரவும் பகலும் கண் வைத்திருப்பதோ, மேற்கே, புகையே இல்லாத அந்தக் கடலின் மீது.